அழைப்பு வந்தது, திட்டம் கவிழ்ந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பு, வேலை, திருமணம், ஓய்வுக்காலம் என்று ஒழுங்காக வகுத்து வைத்திருந்த வாழ்க்கையில் ஆண்டவர் குறுக்கிடுகிறார் என்ற உணர்வு சிலருக்கு வருகிறது. அவர்கள் போதகர்களிடமும் நண்பர்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். எந்தச் சபையைச் சேர்ந்தவரும் படிக்கலாம்.

“அழைப்பு” என்று எதைச் சொல்கிறீர்கள்?

மனந்திரும்பு, என்னைப் பின்பற்றி வா, உன் அயலானை நேசி என்பவை எல்லா விசுவாசிகளுக்கும் வரும் அழைப்பு. இதற்குத் தனியாகச் சொப்பனம் வர வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒருவரிடம் குறிப்பிட்ட ஒரு வேலைக்காக வருவது வேறு. ஆபிரகாம் தகப்பன் வீட்டை விட்டதும், ஆமோஸ் ஆடுகளின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது எடுக்கப்பட்டதும், மத்தேயு ஆயத்துறையை விட்டு எழுந்ததும் இந்த வகை. இந்தப் பக்கம் இரண்டாவதைப் பற்றியது. ஆனால் முதலாவதைத் தட்டிக்கழித்துக்கொண்டே இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறவரைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமல் மிஷனெரியாகப் புறப்படுகிறவரின் அழைப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை.

என் திட்டம் நொறுங்கிப்போனது. ஆண்டவர் வேறு வழிக்கு அழைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்வில் தோற்றதற்குப் படிக்காமல் இருந்ததே காரணமாக இருக்கலாம். தொழில் முடங்கியதற்குக் கணக்கு சரியில்லாதது காரணமாக இருக்கலாம். எல்லாத் தோல்விக்கும் “கர்த்தர் கதவை அடைத்தார்” என்று பெயர் வைத்துவிட்டால், திருத்திக்கொள்ள வேண்டியதைத் திருத்திக்கொள்ளவே மாட்டோம்.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் இந்த விஷயத்தில் நிதானமானது. பவுலும் அவரோடிருந்தவர்களும் ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி தடுக்கப்படுகிறார்கள். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள், அதற்கும் இடம் கிடைக்கவில்லை. ஏன் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதாக லூக்கா எழுதவில்லை. நடந்து நடந்து துரோவா துறைமுகத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கேதான் ஓர் இரவில் மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் நின்று கூப்பிடுகிற தரிசனம். முதல் தடைக்கும் அந்த இரவுக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. அத்தனை தூரமும் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே: இங்கே இல்லை. தரிசனம் வந்த பிறகுகூட, கர்த்தர் தங்களை அழைத்திருக்கிறார் என்று அவர்கள் சேர்ந்து நிச்சயித்துக்கொண்டார்கள் என்றுதான் லூக்கா எழுதுகிறார்.

அடைபட்ட கதவு சாட்சியாகாததுபோலவே திறந்த கதவும் சாட்சியாகாது. நினிவேக்குப் போகச் சொன்ன கட்டளைக்குத் தப்பி ஓடிய யோனா யோப்பாவுக்குப் போனபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கூலி கொடுக்கக் கையில் காசும் இருந்தது. சூழ்நிலையை மட்டும் வைத்துப் பார்த்தால், தர்ஷீசுக்குப் போவதே தேவசித்தம் என்று நம் சபைகளில் பலர் சாட்சி சொல்லியிருப்பார்கள். மோசேக்கு நேர்ந்ததோ இதற்கு எதிரானது. பார்வோன் திரும்பத் திரும்ப மறுத்தான், அழைப்பு மாறவில்லை.

டேவிட் லிவிங்ஸ்டன் மருத்துவ மிஷனெரியாகச் சீனாவுக்குப் போக ஆயத்தமானவர். 1839இல் தொடங்கிய அபினிப் போர் அந்த வழியை அடைத்தது. அதனால் மட்டும் ஆப்பிரிக்கா என்று முடிவாகிவிடவில்லை. அங்கே பணிசெய்துகொண்டிருந்த ராபர்ட் மொஃபாட்டைச் சந்தித்த பிறகே அந்தத் திசை தெளிவானது. 1840 கடைசியில் கப்பலேறினார்.

அப்படியானால் திட்டமிடுவதே விசுவாசக் குறைவா?

இல்லை. கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இயேசுவே. ரோமாபுரி வழியாக ஸ்பானியாவுக்குப் போவதாகப் பவுல் கடிதத்தில் எழுதி வைத்தார். ரோமுக்குப் போனார், ஆனால் கைதியாக. திட்டம் போட்டது பாவம் என்று எங்கேயும் அவர் வருத்தப்படவில்லை. யாக்கோபு தன் நிருபத்தில் கண்டிப்பது நாட்குறிப்பை அல்ல. “ஆண்டவருக்குச் சித்தமானால்” என்ற வார்த்தைக்கு அதில் இடமே இல்லாத பெருமையைத்தான்.

பேசுகிறது ஆண்டவரா, என் மனமா? எப்படி அறிவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சிறுவன் சாமுவேல் குரலைக் கேட்டான், யாருடைய குரல் என்று தெரியவில்லை. மூன்று முறை ஏலியிடம் ஓடினான். அது கர்த்தர் என்று கண்டுகொண்டவர் ஏலி. அந்த ஏலியோ கண் மங்கியவர், தன் பிள்ளைகளை அடக்கத் தவறியவர், தன் வீட்டைப் பற்றியே நியாயத்தீர்ப்பைக் கேட்கப் போகிறவர். ஆனாலும் பையனுக்கு அவர் தேவைப்பட்டார். தனியாக அறைக்குள் உட்கார்ந்து அழைப்பை உறுதிசெய்துகொள்ள முடியும் என்று நினைக்கிறவர்கள் இந்த அதிகாரத்தை மறுபடி படிக்கலாம்.

வேதத்தில் தெளிவாக இருக்கும் கட்டளையை மீறச் சொல்கிற குரலை ஆராயவே வேண்டியதில்லை. மனைவியை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு ஊழியம் செய்யும்படி ஆண்டவர் சொன்னார் என்று ஒருவர் வந்தால், அதற்கு உபவாசக் கூட்டம் வைத்து விசாரிப்பது நேர விரயம்.

பெருமையைத் தூக்கிப்பிடிக்கிற குரலை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். மோசே, கிதியோன், எரேமியா மூவருமே “நான் எம்மாத்திரம்” என்ற தொனியில்தான் பதில் சொன்னார்கள். எனக்கு வருகிற அழைப்பெல்லாம் மேடைக்கும் ஒலிபெருக்கிக்குமே என்னைக் கூட்டிக்கொண்டு போகிறது என்றால் சந்தேகப்படுவது நல்லது. ஆனால் இதைத் தலைகீழாக்கி, எது எனக்குப் பிடிக்கவில்லையோ அதுவே தேவசித்தம் என்று வாழ்கிற நல்லவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் ஆசைகளைப் பார்த்துப் பார்த்து ஒடிக்கிற தகப்பனாக ஆண்டவரை எண்ணுவது பக்தியைப்போலத் தோன்றலாம், அவரைப் பற்றிச் சொல்லும் அவதூறு அது.

1521இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் உடைந்து பிறகு படுக்கையில் கிடந்த இஞ்ஞாசி லொயோலா, பின்னாளில் இயேசு சபையை நிறுவியவர், தன் மனதில் ஒன்றைக் கவனித்தார். போர்வீரனாகப் பேர் வாங்கும் கற்பனைகள் நினைக்கும்போது இனித்தன, பிறகு வறட்சியை விட்டுப்போயின. கிறிஸ்துவுக்காக வாழும் எண்ணங்கள் நினைத்த பின்னும் மகிழ்ச்சியை விட்டுப்போயின. இந்த அனுபவத்திலிருந்து பின்னாளில் அவர் வகுத்த விதிகளில் ஒன்று எந்தச் சபையாருக்கும் உதவும்: மனம் இருண்டு சோர்ந்திருக்கும் நாட்களில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. வேலையில் அவமானப்பட்ட அன்று இரவு வருகிற ஊழிய அழைப்பு சில மாதங்கள் கழித்தும் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான அழைப்பு காத்திருப்பதால் செத்துப்போவதில்லை.

ஒரு ஊழியர் கூட்டத்தில் என்னைச் சுட்டிக்காட்டி, “கர்த்தர் உன்னை அழைக்கிறார்” என்று தீர்க்கதரிசனம் சொன்னார். மீறலாமா?

1 இராஜாக்கள் 13இல் ஒரு பயங்கரமான கதை இருக்கிறது. பிரசங்கங்களில் அபூர்வமாகவே அதைக் கேட்க முடியும். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு அனுப்பப்பட்ட தேவனுடைய மனுஷனுக்கு, அங்கே அப்பம் புசியாதே, தண்ணீர் குடியாதே, போன வழியாய்த் திரும்பாதே என்று தெளிவான கட்டளை. ராஜா விருந்துக்குக் கூப்பிட்டபோது மறுத்துவிட்டான். ஆனால் முதிர்ந்த தீர்க்கதரிசி ஒருவன் வந்து, தூதன் தனக்கு வேறு விதமாகச் சொன்னான் என்று பொய் சொன்னபோது நம்பி, அவன் வீட்டில் சாப்பிட்டான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. ராஜாவுக்கு மசியாதவன் மூத்த ஊழியக்காரனுக்கு மசிந்துவிட்டான்.

இன்னொருவர் மூலமாக ஆண்டவர் பேசுவதே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்ற பவுல், அடுத்த மூச்சிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் சொல்கிறார். அவருடைய வாழ்க்கையிலேயே இது நடந்தது. எருசலேமில் அவர் கட்டப்படுவார் என்று அகபு சொன்னது பலித்தது. அதைக் கேட்ட நண்பர்கள் அழுது, போக வேண்டாம் என்றார்கள். பவுல் போனார். வந்த செய்தி சரி, அதிலிருந்து நண்பர்கள் எடுத்த முடிவு பவுலுக்குச் சரியாகப் படவில்லை. கடைசியில் அவர்களும் “கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது” என்று அமைந்துவிட்டார்கள்.

ஆகவே, கேட்டதை எழுதி வையுங்கள். உங்களுக்குள் முன்பே இருக்கும் ஓர் உந்துதலை அது உறுதிப்படுத்துகிறதா, அல்லது அந்நியமாக வந்து விழுந்ததா என்று பாருங்கள். சொன்னவருடைய ஸ்தாபனத்துக்கு ஆளோ பணமோ தேவைப்படுகிறதா என்றும் பார்க்கலாம். அதில் அவிசுவாசம் ஒன்றுமில்லை.

கிதியோன்போல அடையாளம் கேட்கலாமா? வாக்குத்தத்த வசனச் சீட்டு எடுக்கலாமா?

கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டுப் பனியை அடையாளமாகக் கேட்டது தேவசித்தத்தைக் கண்டுபிடிக்க அல்ல. “நீர் சொன்னபடி” என்று ஆரம்பித்தே அவன் கேட்கிறான். சொல்லப்பட்டது அவனுக்குத் தெரியும், பயம்தான் போகவில்லை. தேவன் இரண்டு முறையும் பொறுத்துக்கொண்டார். பலவீனனுக்குக் காட்டிய இரக்கத்தை எல்லாருக்குமான முறையாக்க வேண்டியதில்லை. எடுத்த சீட்டில் வரும் வசனத்தை வாக்காக ஏற்கிற வழக்கத்தைப் பற்றியும் அதே எண்ணம்தான். அது ஆறுதல் தரலாம், ராஜினாமாக் கடிதத்துக்கு அது மட்டும் போதாது.

“ஏன் நான்? ஏன் இப்போது?” என்று கேட்பது முறுமுறுப்பாகாதா?

கீழ்ப்படிதல் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று யாரோ நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். வேதத்தில் கீழ்ப்படிந்தவர்களைப் பாருங்கள், பேசித் தீர்க்கிறார்கள். எரிகிற முட்செடியின் முன் மோசே ஐந்து முறை தடை சொல்கிறார்: நான் யார், உம்முடைய நாமம் என்ன, அவர்கள் என்னை நம்பமாட்டார்கள், நான் திக்குவாயன், வேறு யாரையாவது அனுப்பும். முதல் நான்குக்கும் பொறுமையாகப் பதில் வருகிறது. ஐந்தாவதற்குத்தான் கர்த்தருடைய கோபம் மூளுகிறது. அதற்குப் பிறகும் அவரைத் தள்ளிவிடாமல் ஆரோனைத் துணைக்குக் கொடுக்கிறார். கேட்பது ஒன்று, கழன்றுகொள்ளப் பார்ப்பது வேறொன்று என்பது அந்தக் கோபம் வருகிற இடத்தில் தெரிகிறது.

மரியாளும் “இது எப்படியாகும்?” என்று கேட்டாள். அதற்கு முன்பு அதே தூதனிடம் சகரியாவும் கேள்வி கேட்டு ஊமையாக்கப்பட்டார். வார்த்தைகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. மரியாள் நடக்கப்போகும் விதத்தைக் கேட்கிறாள், சகரியா நம்புவதற்கு ஆதாரம் கேட்கிறார். தனக்கு நியமிக்கப்பட்டிருந்த திருமணம், ஊராரிடையே பேர், எல்லாம் ஆட்டம் காணப்போகிறது என்று தெரிந்தே அவள், “உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது” என்று சொன்னாள். யோசேப்பின் பக்கத்தையும் மறக்க வேண்டாம். நீதிமானாகிய அவர் இரகசியமாய்த் தள்ளிவிட யோசித்ததே இரக்கமான திட்டம்தான். அந்த நல்ல திட்டமும் கவிழ்ந்தது.

எரேமியாவின் புலம்பல் இன்னும் கடுமையானது. பிறந்த நாளையே சபிக்கிறார், இனிமேல் கர்த்தருடைய நாமத்தில் பேசவே மாட்டேன் என்கிறார், ஆனால் அந்த வார்த்தை எலும்புகளுக்குள் அடைபட்ட அக்கினிபோல இருந்து பேசவைக்கிறது. கெத்செமனேயில் இயேசு ஒரே ஜெபத்தை மூன்று முறை ஏறெடுத்தார். பாத்திரம் நீங்கும்படி கேட்டது குற்றமாக எங்கும் எண்ணப்படவில்லை.

யோனாவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடும்போது ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான்காம் அதிகாரத்தில்தான் மனதிலிருந்ததைக் கொட்டுகிறான்: நினிவே தப்பிவிடும் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடினேன். அந்தப் பேச்சை யோப்பாவிலேயே பேசியிருக்கலாம்.

அழைப்பு என்றால் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டும் என்றுதானே அர்த்தம்?

கதரேனருடைய நாட்டில் பிசாசுகளிலிருந்து விடுவிக்கப்பட்டவன் இயேசுவோடேகூட இருக்கும்படி கெஞ்சினான். இயேசு அவனுக்கு உத்தரவு கொடுக்கவில்லை. உன் வீட்டுக்குப் போ, உன் இனத்தாரிடம் சொல் என்று அனுப்பினார். படகேற வேண்டும் என்பது அவன் திட்டம், வீட்டுக்குப் போவதே அவனுக்கு வந்த அழைப்பு. அவனை யாரும் பின்வாங்கியவன் என்று சொல்வதில்லை.

இங்கிலாந்தின் பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1785இல் ஆழமாக மனந்திரும்பியபோது, அரசியலை விட்டுவிடலாமா என்ற போராட்டத்தோடு முதிய போதகர் ஜான் நியூட்டனிடம் போனார். ஒருகாலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர் நியூட்டன். இருந்த இடத்திலேயே இரு என்று அவர் அறிவுறுத்தினார். 1807இல் அடிமை வாணிபத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியதற்கு வில்பர்ஃபோர்சின் இருபதாண்டு உழைப்பு காரணம். அன்று நியூட்டன் அவரை இறையியல் கல்லூரிக்கு அனுப்பியிருந்தால் நமக்கு இன்னொரு நல்ல போதகர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையிலேயே நிலைத்திருக்கும்படி சொல்கிறார். அதையே அடிமைகளுக்கும் சொல்லிவிட்டு, விடுதலை பெறக் கூடுமானால் அதை நாடு என்றும் சேர்க்கிறார். இருப்பதும் போவதும் இரண்டுமே கீழ்ப்படிதலாக முடியும்.

நான் தயார். மனைவி (அல்லது கணவர், பெற்றோர்) ஒப்புக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

இந்தியாவுக்கு வந்த மிஷனெரி வில்லியம் கேரியின் வாழ்க்கையைச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் அவருடைய மனைவி டாரதியின் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். 1793இல் இந்தியாவுக்கு வர டாரதி முதலில் மறுத்தார். கர்ப்பமாக இருந்தார், கடலையே பார்த்திராதவர் என்றும் சொல்வார்கள். மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்படக் கேரி ஆயத்தமானார். பயணம் தடைபட்டுத் தாமதமானபோது மறுபடி வற்புறுத்தியதில், தன் தங்கையும் உடன் வந்தால் வருவதாக டாரதி இணங்கினார். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பால் இறந்தான். அதன் பிறகு டாரதியின் மனநிலை பிறழ்ந்தது. 1807இல் இறக்கும்வரை அவர் தேறவில்லை. அதே ஆண்டுகளில் கேரி வங்காளத்தில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அந்த வேலையின் மேன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கான விலையில் பெரும்பங்கை, கேட்டு வாங்கிக்கொள்ளாத ஒருவர் கட்டினார். இதை மறைத்துவிட்டு அழைப்பைப் பற்றிப் பிரசங்கிப்பது நேர்மையாக எனக்குத் தோன்றவில்லை.

திருமணமானவர்களுக்கு என் கருத்து இது: ஒருவரை மட்டும் அழைத்து மற்றவரை இழுத்துக்கொண்டு வரச் சொல்கிறார் என்று நினைப்பதைவிட, மற்றவரிடமும் பேச ஆண்டவருக்குத் தெரியும் என்று நம்பிக் காத்திருப்பது விசுவாசத்துக்கு அதிகம் பொருந்தும்.

பெற்றோர் விஷயத்தில் வேதம் இரண்டு பக்கமும் பேசுகிறது. தகப்பனையாவது தாயையாவது தம்மைவிட அதிகமாய் நேசிக்கிறவன் தமக்குப் பாத்திரன் அல்ல என்றார் இயேசு. பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியைக் “கொர்பான்”, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களைக் கண்டித்தவரும் அவரே. பெற்றோரின் கௌரவக் கனவுக்காக அழைப்பைக் கைவிட வேண்டியதில்லை. அவர்களுடைய மருந்துச் செலவை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று தம்பி தலையில் கட்டிவிட்டுப் போகவும் முடியாது. எலிசா தாய்தகப்பனை முத்தமிட்டு விடைபெற்று, ஏர்மாடுகளை அடித்து, கலப்பை மரத்தாலேயே சமைத்து ஜனங்களுக்குப் பரிமாறிவிட்டுப் போனான். திரும்பி வந்து உழுவதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, சொல்லாமல் ஓடவும் இல்லை.

ஆபத்தில் இருந்தபோது ஊழியத்துக்கு வருவதாகப் பொருத்தனை செய்தேன். என் நண்பரையோ அவருடைய தாய் பிறந்தவுடனே ஊழியத்துக்கென்று ஒப்புக்கொடுத்துவிட்டார். எங்கள் இருவருக்கும் வழி என்ன?

1505 ஜூலையில் சட்ட மாணவர் மார்ட்டின் லூதர், ஷ்டோட்டர்ன்ஹைம் அருகே இடியும் மின்னலும் சூழ்ந்தபோது, துறவியாகிறேன் என்று அலறி வாக்குக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்தார். அவரை வழக்கறிஞராக்க ஆசைப்பட்ட தகப்பன் ஹான்ஸ், 1507இல் மகனுடைய முதல் திருப்பலி நாளில், அது சாத்தானுடைய மாயமாக இல்லாதிருக்கட்டும் என்றும், தாய்தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளை ஞாபகமில்லையா என்றும் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். பல ஆண்டுகள் கழித்து, 1521இல், துறவற வார்த்தைப்பாடுகள் மனச்சாட்சியைக் கட்டாது என்று வாதிட்ட நூலைத் தகப்பனுக்கே காணிக்கையாக்கினார் லூதர். பயத்தில் பிறந்த வாக்கைப் பற்றி அவரைவிட அறிந்து பேசக்கூடியவர் குறைவு. ஆனாலும் அந்த மடத்துக்குள்தான் அவர் வேதத்தைப் படித்தார். தப்பான வாசல் வழியாகப் போனவனையும் ஆண்டவர் பயன்படுத்துவார். அதற்காகத் தப்பான வாசலே சரியான வாசலாகிவிடாது. உங்கள் வாக்கைப் பற்றி முதிர்ந்த ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். “வாக்கை மீறினால் தண்டிப்பார்” என்ற பயம் மட்டுமே மிஞ்சியிருந்தால் அதை அழைப்பு என்று சொல்ல மாட்டேன்.

தாய் நேர்ந்துகொண்டதற்கு எல்லாரும் அன்னாளைக் காட்டுவார்கள். அன்னாள் ஒப்புக்கொடுத்த சாமுவேலையும் கர்த்தர் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தாயின் ஜெபம் பிள்ளையை ஆலயம்வரை கொண்டுவந்தது, அழைப்பு பிறகு வந்தது. அதே சாமுவேல் வயதானபோது தன் குமாரர்களை நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் பெயெர்செபாவில் பரிதானம் வாங்கினார்கள். ஊழியம் சொத்தைப்போலப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கக் கூடியதல்ல.

எனக்கு விருப்பமில்லாத பொறுப்பைச் சபை என்மேல் சுமத்துகிறது. அதுவும் அழைப்பா?

ஆக இருக்கலாம். அமைதியான துறவு வாழ்க்கையைத் திட்டமிட்டிருந்த அகுஸ்தீன் 391இல் ஹிப்போவுக்குப் போனார். ஆலயத்தில் ஜனங்கள் அவரைப் பிடித்து முன்னே தள்ளி, குருவாக அபிஷேகம் செய்யவைத்தார்கள். அவர் அழுதார். பிறகு செய்தது கவனிக்கத்தக்கது: வேதத்தைப் படிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று ஆயர் வலேரியுசுக்குக் கடிதம் எழுதினார். ஒப்புக்கொண்டார், ஆயத்தமில்லை என்பதையும் மறைக்கவில்லை.

1536இல் ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போகிற வழி போரால் அடைபட்டதால் ஒரே ஓர் இரவு தங்க ஜெனீவாவுக்கு வந்தார் ஜான் கால்வின். படித்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இங்கே தங்கி உதவாவிட்டால் தேவன் உன் படிப்பைச் சபிப்பார் என்று அங்கிருந்த போதகர் வில்லியம் ஃபாரெல் மிரட்டினார். கால்வின் பயந்து தங்கினார். 1538இல் நகரம் அவரைத் துரத்தியது. 1541இல் மீண்டும் கூப்பிட்டது, அரை மனதோடு திரும்பிப்போய் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். விளைவு பெரிது என்பதற்காக ஃபாரெலின் முறையை நியாயப்படுத்த வேண்டாம். பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைக்காத கமிட்டிகள் சாபத்தைக் கையில் எடுப்பது இன்றும் நடக்கிறது.

ஆண்டவருக்காகவே ஆசைப்பட்டேன். அதற்கும் “வேண்டாம்” என்றால்?

தாவீது ஆலயம் கட்ட விரும்பினார். தீர்க்கதரிசியாகிய நாத்தானே “செய்யும்” என்றார், அன்று இரவே வார்த்தை மாறியது. நீ கட்ட வேண்டாம், உன் குமாரன் கட்டுவான். அப்படி ஆசைப்பட்டது நல்ல காரியம் என்று தேவன் சொன்னதைச் சாலொமோன் பிறகு நினைவுகூருகிறார். ஆசை நல்லது, ஆள் நீ இல்லை. இது தோல்வியைவிட வலிக்கும். தாவீது பொன்னும் வெள்ளியும் மரமும் கல்லும் சேர்த்து வைத்துவிட்டு, தன் பெயர் வராத கட்டடத்துக்கு வேலைக்காரரை ஏற்பாடு செய்தார்.

கீழ்ப்படிந்தேன். அதற்குப் பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. தவறாகக் கேட்டுவிட்டேனா?

ஆபிரகாம் கானானுக்கு வந்தவுடன் பஞ்சம். பயந்து எகிப்துக்குப் போய் மனைவியைச் சகோதரி என்று சொல்லிச் சிக்கிக்கொண்டார். எழுபத்தைந்து வயதில் புறப்பட்டவருக்கு நூறாவது வயதில்தான் ஈசாக்கு பிறந்தான். மக்கெதோனிய தரிசனத்துக்குக் கீழ்ப்படிந்த பவுலுக்குப் பிலிப்பியில் முதலில் லீதியாள் வீடு, பிறகு அடியும் தொழுமரமும். அமெரிக்க மிஷனெரி அடோனிராம் ஜட்சன் இந்தியாவில் தங்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதிக்காததால் 1813இல் பர்மாவுக்குப் போனார். முதல் ஞானஸ்நானம் 1819இல். எரேமியாவுக்கு அந்தக் கணக்கில் பார்த்தால் பலனே இல்லை, அழிவைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

கஷ்டம் வந்ததால் அழைப்பு பொய்யாகிவிடவில்லை. கஷ்டம் வந்ததாலேயே அழைப்பு மெய்யென்று முடிவுகட்டவும் வேண்டாம். திட்டமில்லாமல் கடன் வாங்கி ஊழியம் ஆரம்பித்தவருடைய நெருக்கடி, தேவன் நீக்காமல் விட்ட பவுலின் “முள்” போன்ற உபத்திரவம் அல்ல. பலர் ஏமாறுவது வேறோர் இடத்தில்: தங்கள் திட்டத்தை விட்டுக்கொடுத்ததும் அதற்குப் பதிலாகத் தேவனுடைய முழுத் திட்டம் கையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்டது “நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ” என்பது. எந்தத் தேசம் என்று அதில் இல்லை. அடுத்த அடிக்குப் போதுமான வெளிச்சம்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

உடனே புறப்பட வேண்டுமா?

ஐடா ஸ்கடர் மிஷனெரி குடும்பத்தில் பிறந்தும் அந்த வாழ்க்கை வேண்டாம் என்றிருந்தவர். நோயுற்ற தாயைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தபோது, ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிகளைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்கள் தயாராக இல்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இதுவரை எல்லாப் பிரசங்கங்களிலும் வரும். பிறகு நடந்தது அவ்வளவாக வருவதில்லை. அவர் மறுநாளே ஊழியத்தில் இறங்கவில்லை. திரும்பிப்போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல் தொடங்கியது. ஓர் இரவில் வந்த அழைப்புக்குப் பல ஆண்டுப் படிப்பால் பதில் சொன்னார். பவுலும் தமஸ்கு அனுபவத்துக்குப் பிறகு அரபிதேசம் போய்வந்து மூன்று வருஷம் கழித்தே எருசலேமுக்குப் போனார்.

எத்தனை ஜெபித்தும் நூறு சதவீத நிச்சயம் வரவில்லை. புறப்படலாமா?

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் 1939 ஜூன் மாதம் ஜெர்மனியின் ஆபத்திலிருந்து நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார். நண்பர்கள் பாதுகாப்பான வேலை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் ஜெர்மனிக்குத் திரும்பப் புறப்பட்டுவிட்டார். தன் உள்நோக்கங்கள் தனக்கே முழுவதும் தெளிவாக இல்லை என்று அந்த நாட்களின் குறிப்பில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வேலையை மறுத்துவிட்ட பிறகு ஒருநாள், “மாரிகாலத்துக்குமுன் நீ வந்து சேரும்படி ஜாக்கிரதைப்படு” என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வரி அவரைப் பிடித்துக்கொண்டது. வசனம் முடிவை உண்டாக்கவில்லை, எடுத்த முடிவில் நிற்க உதவியது. 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

முழு நிச்சயம் வரும்வரை அசையமாட்டேன் என்பவர் ஒருபோதும் அசையமாட்டார். போதுமான வெளிச்சத்தில் நடந்து, தவறு தெரிந்தால் திரும்புகிற பணிவோடு போகலாம்.

வாலிபத்தில் அழைப்பைத் தட்டிவிட்டேன். இப்போது வயதாகிவிட்டது.

யோனாவுக்கு வார்த்தை இரண்டாந்தரமும் வந்தது. பாதியில் திரும்பிப்போன மாற்குவினால் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு பிரிவே வந்தது. அதே பவுல் கடைசி நாட்களில், மாற்கு ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், கூட்டிக்கொண்டு வா என்று எழுதினார். மோசே பார்வோன் முன் நின்றபோது வயது எண்பது. ஆனால் அன்று கேட்ட அதே வேலை அப்படியே காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். இன்று உங்களிடம் கேட்கப்படுவது வேறாக இருக்கலாம். பழைய அழைப்பைப் பற்றிய குற்றவுணர்ச்சியில் மூழ்கி இதையும் தவறவிடுகிறவர்கள் உண்டு.

சபையில் எப்போது சாட்சியாகச் சொல்லலாம்?

தாமதமாக. தூதன் போன பிறகு மரியாள் ஊரில் அறிவிக்கவில்லை, எலிசபெத்தின் வீட்டுக்குப் போனாள். மேடையில் சொல்லிவிட்டால், பிறகு தவறென்று தெரிந்தாலும் பின்வாங்க வெட்கம் தடுக்கும், கேட்டவர்களும் விடமாட்டார்கள். முதலில் வாழ்க்கைத்துணை, பிறகு போதகர் அல்லது பங்குத்தந்தை, பிறகு உங்களோடு ஒத்துப்போகாத ஒரு நண்பர் என்று போங்கள். அந்த மூன்றாமவரைத் தேடிப்பிடிப்பதுதான் சிரமம். அவரிடம் பேசி முடித்த பிறகு, வேலைக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டிய காலம், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு, கட்ட வேண்டிய தவணைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.